திங்கட்கிழமை எழும்பாத வண்டி

நான் பாட்டரி விற்பவன். பக்கத்துக் கடை இசக்கி, என்னைப் பாட்டரி விற்கவிடாதவர். தாராவி அறுபதடி ரோட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். வண்டி எடுக்கவில்லை என்று புலம்பிக்கொண்டு ஒருவன் என் கடையைப் பார்த்து வருவான். படியேறுவதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "எல, பாட்டரி நல்லாத்தான் இருக்கும், பானட்டத் திற" என்று குரல் வரும். வந்தவன் அப்படியே திரும்பிவிடுவான். இத்தனை வருடத்தில் இந்த மனிதரால் நான் இழந்த வியாபாரத்தை நினைத்தால் வயிறு எரியும். ஆகவே நான் அவரைப் பற்றிப் புகழ்ந்து எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்தக் கணேசபாண்டியன் பொய் எழுத மாட்டான், அதற்கு மட்டும் உத்தரவாதம்.

இசக்கிக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். மீசை முளைக்கும் முன்பே பம்பாய்க்கு வந்து, குர்லாவில் டாக்ஸிகளுக்கு வயரிங் செய்யும் ஒரு பட்டறையில் ஒட்டிக்கொண்டவர். டாக்ஸிகள் மாறின, பட்டறை மாறியது, அவர் குணம் மாறவில்லை. அரைக்கை பனியன், அழுக்கு அரைக்கால் சட்டை, கழுத்தில் வயரோடு தொங்கும் ஒரு டெஸ்ட் லாம்ப். சர்க்கரை போடாத டீ. செவ்வாய்க்கிழமை விரதம். குலதெய்வம் இசக்கியம்மன், பெயரும் அதுவே. வாய் மட்டும் அந்த அம்மனுக்கே அடங்காது.

அவர் வேலையில் இரண்டு விஷயம் தாராவி முழுக்கத் தெரியும். ஒன்று, அவர் போடும் ஒட்டு. வயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடமாட்டார். டேப்பின் மேல் மஞ்சள் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார். எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகினாலும் நூல் விடாது என்பார். எந்த வண்டியைத் திறந்தாலும் மஞ்சள் நூல் கண்ணில் பட்டால், இது இசக்கி கை என்று குர்லா மெக்கானிக்கும் சொல்லிவிடுவான்.

இரண்டாவது, அவர் கேட்கும் முதல் கேள்வி. வண்டிக்கு என்ன என்று கேட்க மாட்டார். "கடைசியா இதுல யார் கை வச்சா?" என்றுதான் கேட்பார். யாரோ ஒருவன் ஹாரன் மாட்டினான், யாரோ ஒருவன் பாட்டுப் பெட்டி போட்டான் என்று பதில் வரும். "அவனக் கூட்டிட்டு வா, அவன்தான் நோய்" என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவே இருந்து தொலைக்கும். அதில்தான் எனக்கு எரிச்சல்.

முத்துமாரி விஷயத்துக்கு வருகிறேன். அவள் எங்கள் சந்தில் இட்லி அவித்து விற்பவள். கணவன் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள், இரண்டும் படிக்கின்றன. முதலில் கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனாள். பிறகு துணிந்து கார் ஓட்டப் பழகி, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இட்லி டப்பாக்களும் சாம்பார் வாளியுமாக ஊருக்கு வெளியே ஐரோலிக்கு ஓட்ட ஆரம்பித்தாள். அங்கே ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வாரநாட்களில் காலை டிபன் இவளுடையது. அந்த ஒரு கேன்டீனில்தான் அவள் வீடு நின்றது. கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரர்களை அதற்குள் வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். கூடவே போய் டப்பா தூக்கிக் கொடுப்பவள் ஷமீமா, மேலப்பாளையத்துக்காரி, கலகலவென்று பேசுகிறவள்.

காருக்குள் முன்கண்ணாடிக்குக் கீழே இசக்கியம்மன் படம், பிளாஸ்டிக் மாலை, படத்தின் காலடியில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன விளக்கு. நம் ஜனங்களின் வண்டியில் இது இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஆடி மாதம், மழை ஊற்றிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை விடியலில் அந்தக் கார் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. பால் வண்டிக்காரர்களைக் கெஞ்சித் தள்ளவைத்து, புறப்பட்டு, இவள் ஐரோலி போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் வெளியே பாவ் ரொட்டி தின்றுவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். கேன்டீன் மேனேஜர் மகேஷ்குமார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

மத்தியானம் திரும்பி வந்து காரை இசக்கி கடை முன்னால் நிறுத்தினாள்.

"கடைசியா இதுல யார் கை வச்சா?"

"யாரும் தொடலண்ணே. உங்களத் தவிர யாருகிட்ட நான் வண்டியக் குடுக்கப் போறேன்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைல பாத்தா அம்மன் விளக்கும் அணைஞ்சு கெடக்குண்ணே. எனக்கு என்னமோ பயமா இருக்கு. அவளுக்கு ஏதோ குறை வச்சிட்டேன் போல" என்றாள்.

"எலுமிச்சம்பழம் வெட்டிப் போடு. மத்தத நான் பாக்கேன்" என்றார் இசக்கி. கார்க் கதவைத் திறந்தார். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் காரில் எப்போது ஏறினாலும் அவருக்கு அதுதான் முதல் வேலை.

எஞ்சினை ஓடவிட்டு பாட்டரியில் மீட்டரை வைத்தார். பதினாலுக்குச் சற்று மேல் காட்டியது. டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், அதிலும் தொய்வில்லை. பாட்டரியின் வயதைக் கேட்டார். பிறகு நான் கனவிலும் எதிர்பாராத வார்த்தை ஒன்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"வே பாண்டி, ஒரு பாட்டரி எடும்."

அடேயப்பா! இசக்கி எனக்கு ஆள் அனுப்பிவிட்டார். நல்ல பாட்டரியாகப் பார்த்து எடுத்து, துடைத்து, அசல் விலைக்கே கொடுத்தேன். அந்த வாரம் முழுக்கக் கார் ஓடியது. சனி, ஞாயிறு கேன்டீன் விடுமுறை. அடுத்த திங்கட்கிழமை விடியலில் மறுபடியும் டக். அம்மன் விளக்கும் அணைந்திருந்தது.

அன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். ரோட்டில் நின்றுகொண்டு, போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்க, "நீரு குடுத்தது பாட்டரியா, இல்ல பழைய இரும்பா? ஒரு வாரத்துல நோஞ்சான் ஆயிட்டே!" என்று கத்தினார் இசக்கி. எனக்கும் சுர்ரென்று ஏறியது. பாட்டரியைக் கழற்றிக் கொண்டுவரச் செய்து, சார்ஜ் ஏற்றி, லோடு கொடுத்து, அவர் மூக்குக்கு முன்னால் மீட்டரைக் காட்டினேன். லோடிலும் முள் கீழே இறங்கவில்லை. நல்ல சரக்கு.

"அப்ப மழை" என்றார். டெர்மினலில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். எர்த் வயரைப் புதிதாகப் போட்டு மஞ்சள் நூல் சுற்றினார். "இனி எடுக்கும், போ" என்று முத்துமாரியிடம் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பழைய இரும்பு என்றது பழைய இரும்பாகவே தெருவில் கிடந்தது.

மூன்றாவது திங்கட்கிழமையும் கார் எழும்பவில்லை. பெண்கள் இருவரும் மழையில் தள்ளி, வழுக்கி, முத்துமாரிக்கு முழங்கால் உரிந்து, எப்படியோ ஓட்டிப் போனார்கள். மகேஷ்குமார் டப்பாக்களை இறக்கவே விடவில்லையாம். வேறு பார்ட்டி பார்த்தாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று ஹிந்தியில் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது ஒரு டப்பாகூடத் திறக்கப்படவில்லை. அவள் அழவும் இல்லை. காரை நிறுத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அண்ணே, இதுக்கு என்னதான் நோயின்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சா வித்துத் தொலைச்சிருவேன்" என்றாள்.

இசக்கி அன்று மற்ற வேலை எல்லாவற்றையும் ஒதுக்கினார். தூறல் போட்டதால் நீலத் தார்ப்பாயைக் கட்டினார். நான் குடை பிடித்தேன். அவருக்காக இல்லை, என் பாட்டரி மானத்துக்காக.

"ஓடுற நாள்ல எடுக்கு. ரெண்டு நாள் நின்னா சாவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நிக்கும்போது எதுவோ திங்குது வே. சார்ஜ் ஏறாம இல்ல, ஏறுனத எதுவோ திங்குது."

மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய பேச்சு இது.

பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பாட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தார். எல்லாம் அணைந்திருக்கும் காரில் முள் கிட்டத்தட்டச் சும்மா கிடக்க வேண்டும். இது எழும்பி நின்றது. நின்றுகொண்டிருக்கும் கார், சாவி முத்துமாரி இடுப்பில், ஆனாலும் கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இசக்கியின் கண் பளபளத்தது. திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்தப் பியூஸைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ அந்த வழியில் திருடன். எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. முள் விழவில்லை. டைனமோ வயரைக் கழற்றினார். அப்போதும் விழவில்லை. சந்தேகத்துக்கு, மீட்டரை எடுத்துவிட்டுத் திரும்பக் கோத்துப் பார்த்தார். அதே இடத்தில் போய் நின்றது.

இசக்கிக்குக் கோபம் வந்துவிட்டது.

"பியூஸ் வழியா வராம எவனோ பாட்டரியிலிருந்து நேரா இழுத்திருக்கான்! எந்தக் கூறுகெட்ட பய செஞ்ச வேலை இது? வயரிங் தெரியாத மூதேவி! முத்துமாரி, உண்மையச் சொல்லு, கடைசியா இதுல யார் கை வச்சா?"

"சத்தியமா யாரும் தொடலண்ணே."

"தொடாம எப்படி வரும்? வானத்துலேருந்து வந்துதா? அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும், கையை ஒடிச்சு அடுப்புல வைக்கேன்!"

மழைக்கு ஒதுங்கிக் காருக்குள் உட்கார்ந்திருந்த ஷமீமா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"அண்ணே, வையாம இருந்தா ஒண்ணு சொல்லட்டா? நீங்க அந்த மீட்டர எடுக்கையில இந்த விளக்கு போச்சு. திருப்பி வைக்கையில வந்துட்டு. சாவிதான் மாரிக்காகிட்ட இருக்கே, அப்புறம் இது எப்படி எரியுது?"

நான் குடையைச் சாய்த்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன்.

இசக்கி கதவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கை படத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. மாலையை மெல்ல ஒதுக்கினார். சிவப்புக் கண்ணாடிக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. நானும் அவரும் மூன்று வாரமாகப் பார்த்துக் கும்பிட்ட அதே விளக்கு. பார்த்தோமா என்று கேட்டால், கும்பிட்டோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். திங்கட்கிழமைகளில் அது அணைந்து கிடந்ததைப் பார்த்து அம்மன் கோபம் என்று பயந்தோமே தவிர, அதுதான் சனியும் ஞாயிறும் விடாமல் எரிந்து பாட்டரியைக் குடித்துவிட்டு அணைந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷமீமாவுக்கு அது விளக்கு. எங்களுக்கு அது சாமி.

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து, ஒரு ஓட்டை வழியாக எஞ்சின் பக்கம் வந்து, பாட்டரியின் பாசிட்டிவ் கம்பியோடு சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் டேப். டேப்பின் மேல் மஞ்சள் நூல்.

அதைப் பார்த்தபடி அவர் எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று தெரியவில்லை. குடை பிடித்த என் கை வலித்தது.

"இது எப்பம்?" என்று கேட்டார்.

"ஆடி மொதச் செவ்வாய்க்குண்ணே. அம்மனுக்கு விளக்கு வேணும்னு கேட்டேன். பழைய டாக்ஸி ரூஃப் லைட்டுலேருந்து பல்பெடுத்து நீங்கதான் போட்டுத் தந்திய. சாவியில குடுத்தா வண்டி நின்னா அணைஞ்சிரும், அம்மன இருட்டுல வைக்கக் கூடாதுன்னு நேரா குடுத்திய. கூலி குடுத்தப்பம் திட்டினிய."

"யார் கை வச்சான்னு நான் இத்தனை தடவை கேட்டம்லா?"

முத்துமாரி விழித்தாள். "அது ரிப்பேராண்ணே? அது அம்மனுக்குச் செஞ்சதுல்லா."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளுக்கு அது நிஜமாகவே வண்டியில் கை வைத்த கணக்கில் வரவில்லை. அவருக்கும் வரவில்லை. கூலி வாங்கியிருந்தால் ஒருவேளை ஞாபகம் இருந்திருக்கும்.

எத்தனை வருடமாக இந்தத் தருணத்துக்காகக் காத்திருந்தேன் தெரியுமா? கூறுகெட்ட பய, வயரிங் தெரியாத மூதேவி, கையை ஒடிச்சு அடுப்புல வைக்கேன். எல்லாவற்றையும் அவர் சொல்லி முடித்துச் சூடு ஆறவில்லை. நான் ஒரு வார்த்தை திருப்பிப் போட்டால் போதும், அறுபதடி ரோடே சிரித்திருக்கும். வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். எனக்குப் பாவமாக இல்லை, பயமாக இருந்தது. நாளைக்கு இது எனக்கும் வரும் என்று தோன்றிவிட்டது.

வயரை வெட்டிச் சாவியின் வழியாகக் கொடுத்தார். முத்துமாரி தயங்கினாள். "ராத்திரி பூரா அவ இருட்டுல இருப்பாளேண்ணே."

"கோயில்லயும் ராத்திரி நடை சாத்துதாங்கல்லா? சாவிய எடுத்தா நடை சாத்தியாச்சுன்னு நெனச்சுக்கோ."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "இனி எடுத்து என்னண்ணே, எடுக்காட்டி என்ன? ஐரோலிதான் போயிட்டே."

இசக்கி கையைத் துடைத்துக்கொண்டு, "காலைல இட்லி எப்பவும்போல அவி" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பி, "பாட்டரி நல்ல பாட்டரி வே" என்றார். அடுத்த கடைக்காரனுக்கும் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னார்.

ஐரோலியில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஷமீமா சொன்னதுதான். இசக்கி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விடியலில் வந்து நின்றாராம். டப்பாக்களுக்கு நடுவே சாம்பார் வாளியைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஐரோலி வரைக்கும் வாயைத் திறக்கவில்லையாம். மகேஷ்குமார் இவர்களைப் பார்த்ததும் கையை ஆட்டி, போங்கள் என்றிருக்கிறார். இசக்கி அவர் எதிரில் போய் நின்று, "கல்தி இன்கா நை, மேரா ஹை" என்று தன் தாராவி ஹிந்தியில் ஆரம்பித்திருக்கிறார். இந்தப் பெண் மேல் தப்பில்லை, வண்டி மேலும் இல்லை, மெக்கானிக் நான், தப்பான வயர் கொடுத்தது நான், மூன்று வாரம் கண்டுபிடிக்காததும் நான். கேன்டீன் பையன்கள், வாட்ச்மேன், டிபனுக்கு வந்த ஆட்கள் எல்லாரும் சுற்றி நிற்க இதைச் சொன்னாராம். எவன் வயரிங்கையும் சரி என்று ஒப்புக்கொள்ளாத மனிதர், என் பாட்டரியை ரோட்டில் வைத்துப் பழைய இரும்பு என்ற மனிதர். நான் அங்கே இல்லாமல் போனது எனக்கு இன்றுவரை குறைதான். சிரிப்பதற்காக இல்லை.

மகேஷ்குமார் நம்பவில்லை. ஒரு சின்ன பல்பு காரை நிறுத்துமா என்று கேட்டிருக்கிறார். இசக்கி அவரைக் காருக்குக் கூட்டிப்போய்ச் சாவியைத் திருப்பியிருக்கிறார். விளக்கு எரிந்தது. மகேஷ்குமார் தன்னை அறியாமல் கை கூப்பினார். இசக்கி சாவியை எடுத்தார், அணைந்தது. "முன்னாடி இப்படி அணையாது சாப், நேரா குடுத்திருந்தேன்" என்று விளக்கம் சொல்லி மறுபடியும் போட்டார். மகேஷ்குமார் மறுபடியும் கை கூப்பினார். இவர் அணைத்தார். மூன்றாம் தடவை போட்டபோது மகேஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டு, "பஸ் கரோ பாய், போதும், தேவியை இப்படிப் போட்டுப் போட்டு அணைக்காதே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு முத்துமாரியைப் பார்த்து, "புதுப் பார்ட்டி நேத்துக் கொண்டுவந்த இட்லி கல்லு மாதிரி இருந்துச்சு. டப்பாவ எறக்கு" என்றாராம்.

கல் மாதிரி இட்லியால் வேலை திரும்பக் கிடைத்ததா, இசக்கியால் கிடைத்ததா என்று நான் ஷமீமாவிடம் கேட்டேன். "ரெண்டுந்தான், விடுங்களேன்" என்றாள். முத்துமாரி இப்போதும் வாரநாட்களில் ஐரோலிக்குப் போகிறாள். திங்கட்கிழமைகளில் அவள் கார் எடுக்கும் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விழிப்பே வருகிறது.

போன வாரம் செம்பூரிலிருந்து ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டுநர் நேராக என் கடையைப் பார்த்துத்தான் வந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வழக்கம்போலக் குரல் வந்தது. அவன் திரும்பினான், நான் தலையில் அடித்துக்கொண்டேன். இசக்கி டெஸ்ட் லாம்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். கேட்க வாயைத் திறந்தவர், கேட்கவில்லை.

"தம்பி, இதுல நான் எப்பவாவது கை வச்சிருக்கேனா?"

"இல்ல அண்ணாச்சி. இங்க வாறது இதான் மொதல் தடவை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சும்மா, கூலி வாங்காம, ஏதாவது?"

"இல்ல அண்ணாச்சி."

"சரி, பானட்டத் திற" என்றார் இசக்கி.